புளியங்கொட்டையும் டேப்லெட்டும்: 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் உங்கள் பிள்ளைக்கு உரியவை

காசிமேட்டிலோ கொருக்குப்பேட்டையிலோ மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையிடம், இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால், கையில் பொம்மை மாட்டிக் கதை சொன்னதாகவும் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்ததாகவும் பதில் வரும். 'விளையாடுவதற்கா பள்ளிக்கு அனுப்பினோம்' என்று வீட்டில் உள்ளவர்கள் சலித்துக்கொள்வதை இப்பகுதியில் அடிக்கடி கேட்கலாம். அந்த விளையாட்டுதான் அரசு வகுத்திருக்கும் பாடம் என்பதும், அது ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்த சலுகை அன்று, பிள்ளைக்குச் சட்டப்படி உரியது என்பதும் பெற்றோர் பலருக்கு இன்னும் சொல்லப்படவில்லை.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்வதற்காகத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்ததே 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022 ஜூன் 13 அன்று, செங்குன்றம் பக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் உள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025-க்குள் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் அறிந்திருக்க வேண்டும் என்பதே அப்போது வைக்கப்பட்ட இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு வந்த இத்திட்டம், 2023-24 கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

இத்திட்டத்தின்படி வகுப்பறை பல 'களங்களாக' அமைக்கப்படுகிறது. பாடல் களம், கதைக் களம், பொம்மலாட்டக் களம், படைப்புக் களம், செயல்பாட்டுக் களம், படித்தல் களம் என ஒவ்வொன்றும் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். அத்தகைய வீட்டிலிருந்து வரும் ஒரு குழந்தை, ஆசிரியர் நேரே கேள்வி கேட்டால் வாய் திறக்காமல் நின்றாலும், கையில் பொம்மையை மாட்டிவிட்டால் அந்தப் பொம்மையின் குரலில் தயங்காமல் தமிழ் பேசிவிடும். அப்போது அதன் பேச்சு வழக்கை இடைமறித்துத் திருத்தாமல் இருப்பதே நல்ல ஆசிரியரின் அடையாளம் என்று நான் நினைக்கிறேன்.

கணக்குப் பாடத்தில்தான் இம்முறையின் பயன் தெளிவாகப் புலப்படுகிறது. 43-லிருந்து 17-ஐக் கழிக்கும்போது, 'மூன்றிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு' என்று நாம் கற்றோம். யாரிடமிருந்து எதைக் கடன் வாங்கினோம் என்பது நம்மில் பலருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. செயல்பாட்டுக் களத்தில் குழந்தை நான்கு பத்துக்கட்டுத் தீக்குச்சிகளையும் மூன்று தனிக்குச்சிகளையும் எடுத்து வைக்கிறது. ஏழு குச்சிகளை எடுக்க முடியாதபோது ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைத் தானே அவிழ்க்கிறது. கையில் இப்போது பதின்மூன்று தனிக்குச்சிகள் இருப்பதைக் கண்ணால் பார்க்கிறது. ஏழை எடுத்து, மீதமுள்ள மூன்று கட்டுகளில் ஒன்றையும் எடுத்துவிட்டால், இரண்டு கட்டும் ஆறு குச்சியும், அதாவது 26, தரையில் கிடக்கும். மீனைக் கூறு போட்டு விற்கும் தாயின் அருகில் உட்கார்ந்து நூறு ரூபாய்க்குச் சரியாகச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் சிறுமி, அதே கழித்தலைத் தாளில் எழுதும்போது திணறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. கைக்குத் தெரிந்த கணக்கும் தாளில் எழுதும் கணக்கும் அவளுக்கு இதுவரை இணைத்துக் காட்டப்படவில்லை என்பதே.

இந்த முறை ஏதோ புதிதாக வந்திறங்கியது என்று எண்ண வேண்டியதில்லை. எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, 2003-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் இதன் முன்னோடி தொடங்கியது. பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைமுறைக் கல்வியைப் பார்த்து உருவாக்கப்பட்ட அம்முறை, பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, சுவரின் அடிப்பகுதியில் தனக்கென ஒதுக்கப்பட்ட சிறு கரும்பலகையில் எழுதிப் பழகிய அன்றைய மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பலர், இன்று பெற்றோராகப் பள்ளி வாசலில் நிற்கிறார்கள்.

பெற்றோரை மிகவும் குழப்புவது நிலைகளின் பெயர்கள். கல்வியாண்டின் தொடக்கத்தில் நடைபெறும் அடிப்படை மதிப்பீட்டைக் கொண்டு குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் பிரிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தை 'அரும்பு' நிலையில் இருக்கிறது என்றால், தோற்றுவிட்டது என்றோ கீழ்வகுப்புக்கு அனுப்பப்பட்டது என்றோ பொருளில்லை. எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் முதல் வகுப்புக்குரிய திறன்களிலிருந்து அதற்குக் கற்பிக்கத் தொடங்க வேண்டும் என்பதே பொருள். நிலையின் பெயரைச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது, திட்டம் எதைத் தவிர்க்க முயல்கிறதோ அதையே வீட்டில் செய்வதாகும்.

தொழில்நுட்பம் இதில் எங்கே வருகிறது என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காக 79,723 டேப்லெட்டுகளும், தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் மாநில அளவில் ஒதுக்கப்பட்டுள்ளன. டேப்லெட் ஆசிரியருக்குரியது, மாணவருக்கு வழங்கப்படுவது அன்று. பாடம் நடக்கும்போதே அவ்வப்போது செய்யப்படும் வளரறி மதிப்பீட்டின்போது ஆசிரியர் செயலியைத் திறந்து திரையில் வரும் வினாவைக் குழந்தைக்குக் காட்ட, குழந்தை அளிக்கும் விடை அங்கேயே பதிவாகிறது. எந்தத் திறனில் குழந்தை தடுமாறுகிறது என்பது ஆசிரியருக்கு அதிலிருந்து தெரியவரும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீட்டைக் கைபேசியால் படம்பிடித்தால், அப்பாடத்துக்கான காணொளி திறக்கும். 2023-இல் வெளியான 'மணற்கேணி' செயலியிலும் பாடக் காணொளிகளைத் தமிழில் கட்டணமின்றிக் காணலாம். இவை பயனுள்ளவையே என்றாலும், ஆறு வயதுக் குழந்தைக்குத் தீக்குச்சிக் கட்டு கற்றுத்தருவதைத் திரை கற்றுத்தராது என்பது என் கருத்து; வகுப்பில் நாள்தோறும் காணொளி மட்டும் ஓடுகிறதென்றால் பெற்றோர் அதைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை.

ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 'வானவில் மன்றம்' என்ற தனித்திட்டம், 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கப்பட்டது. அறிவியல், கணிதக் கருத்தாளர்கள் (செய்துகாட்டிக் கற்பிக்கும் பயிற்றுநர்கள்) சோதனைப் பொருள்களோடு அரசுப் பள்ளிகளுக்கு வந்து, மாணவர்களைத் தாமே செய்து பார்க்கவைப்பது அதன் நடைமுறை.

இவை எதற்காகவும் பெற்றோர் பணம் செலவிட வேண்டியதில்லை. பயிற்சி நூல்களும் பாடநூல்களும் விலையில்லாதவை. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் கிரேயான்களும், மூன்று முதல் ஐந்து வரை வண்ணப் பென்சில்களும் அரசே வழங்குகிறது. 'மாடல்' செய்துவர வேண்டும் என்று சொல்லிப் பாரிமுனைக் கடைகளுக்கு அலைந்து இருநூறு ரூபாய்க்குத் தெர்மாகோல் வாங்கி, இரவெல்லாம் அப்பா ஒட்டிக் கொடுப்பது எந்தத் திட்டத்திலும் இல்லை. அதில் பிள்ளை கற்பதும் ஒன்றுமில்லை.

இவை அனைத்துக்கும் அடிப்படை, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 29-ஆம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிவதன் வழியாகவும் குழந்தையை மையமாகக் கொண்டு கற்பித்தல் நிகழ வேண்டும் என்கிறது. 24-ஆம் பிரிவின்படி, ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். எனவே, 'என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள், எந்தத் திறன் இன்னும் வரவில்லை, வீட்டில் நான் என்ன செய்யலாம்' என்று கேட்பதற்கு யாருடைய பரிந்துரையும் தேவையில்லை.

களங்கள் அமைக்கப்படவில்லை, பொருள்கள் பூட்டிய பீரோவுக்குள்ளேயே கிடக்கின்றன என்றால், முதலில் தலைமையாசிரியரிடமும் அடுத்துப் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசலாம். அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளியின் செயல்பாட்டையும் நிதிப் பயன்பாட்டையும் கண்காணிப்பது அக்குழுவின் பணி. அதன் பிறகும் தீர்வு இல்லையெனில், 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். உரியவர்களை விசாரித்து மூன்று மாதங்களுக்குள் அது முடிவெடுக்க வேண்டும். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் வசிப்போருக்கு அந்த உள்ளாட்சி அமைப்பு பெருநகர சென்னை மாநகராட்சிதான். மாநகராட்சியின் புகார் எண் 1913. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனுவின் நகல் ஒன்றில் தேதியிட்ட ஒப்புகை முத்திரை பெற்று வைத்துக்கொண்டால், மூன்று மாதக் கெடுவை அந்தத் தேதியிலிருந்து கணக்கிட்டுக் கேட்கலாம்.