மஞ்சள் கறையும் கச்சான் காற்றும்

விருந்தாளி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறார். நீட்டிய டிஷ்யூ ஈரவிரலில் பட்டதும் பிய்ந்து, பாதி நகக்கண்ணில் ஒட்டிக்கொள்கிறது. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு மேசையில் இது வழமையான கூத்து. சின்னத் துவாய் வைப்போமென்றால் அம்மா விடமாட்டா. "மீன்குழம்பு பட்டால் பிறகு ஆர் தோய்க்கிறது?"

டிஷ்யூவும் பருத்தித் துவாயும் அடிப்படையில் ஒரே சரக்குத்தான். இரண்டும் செல்லுலோஸ் நார்; நார்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளால் தண்ணீரை இழுப்பவை. ஆனால் துவாயில் நீண்ட நார்களை நூலாக முறுக்கி நெய்திருக்கிறார்கள். நனைந்தாலும் அது பிரியாது. டிஷ்யூவில் குட்டை நார்கள் பெரும்பாலும் ஐதரசன் பிணைப்புகளால்தான் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. தண்ணீர் நடுவே புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்திவிடுகிறது. சமையலறைக்கென்று விற்கும் டிஷ்யூச் சுருள் நனைந்தும் தாங்குவதற்குக் காரணம் அதில் கலக்கும் பிசின்.

கடையில் வாங்கிய புதுத் துவாய் தண்ணீரை இழுக்கவில்லை என்று உடனே குறைசொல்ல வேண்டாம். நெசவுக்கும் பளபளப்புக்கும் பூசியவை இரண்டு மூன்று தோய்ப்பில் போய்விடும்.

இனி அம்மாவின் கேள்வி. மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருகிறது. அது தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். எண்ணெயில் நன்றாகக் கரையும். குழம்பின் எண்ணெய் அதைச் சுமந்துகொண்டு நாருக்குள் போய்விடுகிறது. பிளாஸ்டிக் மேசை விரிப்பும் இதற்குத் தப்பாது. அதுவும் எண்ணெய்ப் பசையை விரும்பும் பொருள்தான். கறையில் சவர்க்காரம் போட்டதும் சிவப்பாக மாறுகிறதே, துணி கெட்டுவிட்டதென்று பயப்படத் தேவையில்லை. சவர்க்காரம் காரம், காரத்தில் குர்குமின் செந்நிறமாகும். தேசிக்காய்ச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், மஞ்சள் திரும்பி வரும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை.

குர்குமினின் பலவீனம் வெளிச்சம். எண்ணெயைச் சவர்க்காரத்தால் கழற்றிவிட்டு, மிச்ச மஞ்சளோடு துணியை ஈரமாகவே வெயிலில் விரித்தால் போதும். ஒளி அந்த மூலக்கூறுகளை உடைத்து நிறத்தைப் போக்கிவிடும். வெள்ளைத் துணிக்கு இது அற்புதம். சாயத்துணியென்றால் அதன் நிறமும் கூடவே மங்கும்.

மேசை விரிப்புக்கு மட்டும் கஞ்சி போடுவது நல்லது. கறை கஞ்சிப் படலத்தில் தங்கி, தோய்க்கும்போது அதோடு கழன்றுவிடும். கைத்துவாய்க்குப் போட்டால் அது தண்ணீரை இழுக்காது.

பருத்தி ஒன்றும் புண்ணியவானல்ல. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலக சராசரியாகச் சுமார் 10,000 லீற்றர் நீர் செலவாகிறது. 50 கிராம் துவாய் என்றால் 500 லீற்றர். 10 தடவை பாவித்து எறிந்தால் தடவைக்கு 50 லீற்றர். 500 தடவை பாவித்தால் ஒரு லீற்றர். தோய்க்கும் தண்ணீர் தனிக்கணக்கு. எனவே அழகான புதுத் துவாய்களை வாங்கி அலுமாரியில் பூட்டிவைப்பதைவிட, பழைய சாரத்தை வெட்டி ஓரம் அடிப்பது மேல்.

மிச்சத்தைத் திருகோணமலையின் காற்று தீர்மானிக்கிறது. வைகாசி முதல் ஆவணி வரை, தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்கில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது சூடேறி, வறண்ட கச்சானாக எங்களிடம் வருகிறது. 30 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 30 கிராம் நீராவி கொள்ளும். ஈரப்பதன் 60 வீதமென்றால் இன்னும் 12 கிராமுக்கு இடமுண்டு. 90 வீதமென்றால் 3 கிராமுக்குத்தான். கச்சானில் கொடியில் போட்ட துவாய் சாப்பாடு முடியுமுன் காய்ந்துவிடுகிறது. கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டு நாள் தொங்கினாலும் நாறும்; ஈரம் நீடித்தால் பற்றீரியா பெருகும், கஞ்சி போட்ட துணியில் பூஞ்சணமும் பிடிக்கும்.

அந்த இரண்டு மாதமும் எங்கள் மேசைக்கு டிஷ்யூ வந்துவிடும். ஆனால் சமையலறைச் சுருள்தான். அது நகக்கண்ணில் ஒட்டுவதில்லை.