லட்சணம்: முகத்திலா, குணத்திலா?

கொடைக்கானல் மலையில் பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் "பொண்ணு எப்படி?" என்று கேட்டால், "மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா" என்பார்கள். மாப்பிள்ளை பக்கம் பேச்சு திரும்பியதும், "அவன் லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். முன்னது அழகு. பின்னது குணம், அதுவும் கெட்ட குணம். சொல் ஒன்றுதான்.

லட்சணம் வடசொல். 'லக்ஷ்' என்றால் குறித்துப் பார்த்தல். 'லக்ஷண' என்றால் ஒரு பொருளை இன்னதென்று காட்டிக்கொடுக்கும் அடையாளம். லட்சியம், அலட்சியம், லட்சுமி எல்லாம் இந்தக் குடும்பம்தான். 'இலக்கணம்' அதே சொல்லின் பழைய தமிழ் உருவம் என்பது பலர் கருத்து. 'இலக்கு' வழியாக வந்த தமிழ்ச் சொல்லே என்பாரும் உண்டு. எப்படியானாலும் தொல்காப்பியத்திலேயே அது இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், 'இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல' என்கிறது சொல்லதிகாரம். (மரியாதை அன்றைக்கே இலக்கணத்துக்கு வெளியில்தான் நின்றிருக்கிறது!)

ஆக, முதற்பொருள் அடையாளம். அழகு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. சாமுத்திரிகா லட்சணம் என்று உடற்குறிகளைப் பார்த்து ஒருவருடைய குணத்தையும் பலனையும் சொல்லும் சாத்திரம் உண்டு. நல்ல குறி உள்ள உடம்பே அழகான உடம்பு என்றாகி, அப்புறம் குறியை மறந்து அழகை மட்டும் வைத்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன். முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் அந்தச் சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் 'அடையாளம்' என்ற பழைய பொருளை விட்டுவிட மனமில்லை.

பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளையும் மலைப்பூண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்ற பெயரில் 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு என்பது இங்கே லட்சணத்தின் நேர்ப்பொருள். காரமும் வாசமும், நாள்பட வைத்தாலும் சீக்கிரம் கெடாத தன்மையும்தான் மலைப்பூண்டின் லட்சணம். வெளியூர்ப் பூண்டு அதைவிடப் பெரிய பல்லோடு வெள்ளை வெளேரென்று இருக்கலாம். அதை மலைப்பூண்டு என்று சொல்லி விற்றால் பொய் விற்பவனுடையது. ஆனாலும் பூண்டின் அழகும் அதோடு போய்விடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தோற்றத்துக்கு அழகு, களை. அடையாளத்துக்குக் குறி. தன்மைக்கு இயல்பு, பண்பு. இவை போதும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத்தான் காட்டும். அழகையும் நேர்மையையும் சேர்த்துப் பிடிக்கிற சொல் வேண்டுமென்றால் நான் 'செம்மை'யைத்தான் சொல்வேன். சிவப்பு, நேராக இருத்தல், குற்றமின்மை, சிறப்பு, அழகு என்று அது விரியும். செப்பம், செவ்வி, செவ்வை, செந்தமிழ் எல்லாம் அதன் கிளைகள்.

இந்தச் சொல்லை வள்ளுவர் கையாண்ட விதம் அருமை. 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' என்கிறார், கூடாவொழுக்கத்தில். 'கொடு' என்றால் வளைவு. அம்பு பார்வைக்கு நேர், யாழின் தண்டு வளைவு. ஆனால் கொல்கிற அம்பைக் 'கொடிது' என்றும், இசை தருகிற யாழைச் 'செவ்விது' என்றும் பெயர் மாற்றி வைக்கிறார். எது நேர், எது கோணல் என்பதை உருவத்தை வைத்துச் சொல்லாதே, செயலைப் பார் என்பது கருத்து. அதே காவி, அதே சடை, உள்ளே வஞ்சம் என்று வேடதாரிகளைத் தோலுரிக்கும் அதிகாரம் அது. நடுவுநிலைமையில் இன்னும் வெளிப்படையாக, ஒரு பக்கம் சாயாமை 'சான்றோர்க்கு அணி' என்கிறார். அணி என்றால் நகை, அழகு.

'லட்சணமான பெண்' என்று எழுத வருகிற இடத்தில் அழகைச் சொன்னால் அழகு என்றும், குணத்தைச் சொன்னால் பண்பு என்றும், இரண்டையும் சொன்னால் செம்மை என்றும் எழுதலாம். 'அவலட்சணம்' பெரும்பாலும் 'அழகின்மை'யில் அடங்கிவிடும்.

திட்டுவதற்கு மட்டும் செம்மை உதவாது. "இதுதான் வேலை செஞ்ச லட்சணமா?" என்பதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு தமிழ் உண்டு: "வேலை செஞ்ச அழகைப் பாரு!"