ஊசியிலைக் காட்டிலிருந்து எழுந்த 20 தளங்கள்

1888 ஜூன் 25. சுவீடனில் ஒரே நாளில் இரண்டு ஊர்கள் எரிந்தன. ஒன்று சுண்ட்ஸ்வால், இன்னொன்று அதற்கு வடக்கே உள்ள உமியோ. இரண்டிலும் வீடுகள் பெரும்பாலும் மரம். உமியோவைத் திரும்பக் கட்டியபோது, தீ தெருவைத் தாண்டக் கூடாது என்று அகலமான சாலைகள் போட்டு, பிர்ச் மரங்களை வரிசையாக நட்டார்கள். நகரங்களில் இரண்டு தளங்களுக்கு மேல் மரத்தால் கட்டக் கூடாது என்ற விதி 1874-லேயே வந்திருந்தது. அது விலக 1990-களின் நடுப்பகுதி வரை ஆயிற்று.

உமியோவுக்கும் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தை எட்டுவதற்குச் சற்று முன்னால், ஷெலெஃப்தியோ என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கே 2021-இல் சாரா பண்பாட்டு இல்லத்தைத் திறந்தார்கள். கீழே நூலகம், நாடக அரங்குகள், கலைக்கூடம், அருங்காட்சியகம், மேலே ஹோட்டல். மொத்தம் 20 தளங்கள், 75 மீட்டர் உயரம். தூண், உத்தரம், சுவர், லிஃப்ட் ஏறி இறங்கும் கூடு வரை ஏறக்குறைய எல்லாமே மரம். வடிவமைத்தது ஒயிட் ஆர்க்கிடெக்டர் என்ற சுவீடன் நிறுவனம். அந்த வட்டாரத்தில் பிறந்த எழுத்தாளர் சாரா லிட்மனின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சரி, தீயை இவ்வளவு அறிந்த ஒரு நாடு 20 தளத்தை மரத்தில் எழுப்பத் துணிந்தது எப்படி?

விறகடுப்பு மூட்டியவர்களுக்குப் பாதி விடை தெரியும். சுள்ளி சட்டென்று பற்றிச் சாம்பலாகும். தடித்த கட்டையோ மேலே கருகிவிட்டு அடம்பிடிக்கும். இழுத்து வெட்டிப் பார்த்தால் உள்ளே பச்சை மரம் அப்படியே இருக்கும். மரத்தின் மேற்பரப்பு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொடும்போது கரியாக மாறுகிறது. அந்தக் கரி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. அதனால் தடித்த ஊசியிலை மரக்கட்டையில் தீ நிமிடத்துக்கு 0.7 மில்லிமீட்டர் அளவில்தான் உள்ளே நகர்கிறது. ஒரு மணி நேரத்துக்கு நான்கு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பொறியாளர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள்: சுமை தாங்கத் தேவையான பருமன் இவ்வளவு, எரிந்து போவதற்காக அதற்கு மேல் இவ்வளவு. பாதுகாப்பில்லாத இரும்பு உத்தரம் தீயில் எரியாது, ஆனால் சூடேறித் துவண்டுவிடும். அதோடு ஒப்பிட்டால், எரிகிற மரத்தின் நடத்தையை நம்பிக் கணக்கிட முடிகிறது. 1888-இல் எரிந்த வீடுகளில் மெல்லிய பலகைகளும் ஓட்டைகளும் ஏராளம். நவீன தீத்தடுப்பு எதுவும் இல்லை. இன்றைய கட்டடத்தில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்த சிக்கல் ஈரம். மழைக்காலத்தில் கதவு நிலையில் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக நீளாது; நாருக்குக் குறுக்கேதான் ஊதிச் சுருங்கும். 75 மீட்டர் கட்டடத்தில் தளத்துக்குத் தளம் சில மில்லிமீட்டர் சுருங்கினால் குழாயும் கண்ணாடியும் என்ன ஆகும்? அதனால் பலகைகளை ஓர் அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் வைத்து ஒட்டுகிறார்கள். நமக்குப் பழக்கமான பிளைவுட்டின் அதே யோசனைதான். ஆனால் ஒரு சுவரளவு பெரிது, கனம். ஓர் அடுக்கு ஊத முயன்றால் அடுத்த அடுக்கின் நார் அதைப் பிடித்து நிறுத்தும். இதை சி.எல்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஹோட்டல் அறைகள் இந்தப் பலகையால் தொழிற்சாலையிலேயே பெட்டிபெட்டியாகத் தயாராகி வந்தன. இரண்டு லிஃப்ட் கூடுகளுக்கு நடுவே அவற்றை அடுக்கினார்கள். பனி கொட்டும் ஊரில் வெட்டவெளியில் செய்யும் வேலை குறைகிறது. மரமும் நனையாமல் வந்து சேர்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அப்புறம்தான். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ. அதே அளவு ஊசியிலை மரம் 500 கிலோ கூட வராது. எடை குறைந்தால் அஸ்திவாரத்துக்கு நல்லது, காற்று அடிக்கும்போது நல்லதல்ல. ஆளில்லாத ஊஞ்சல் சின்னத் தள்ளலுக்கே ஆடும், கனமான ஆள் உட்கார்ந்தால் அசைக்கவே சிரமம். உயரமான மரக் கட்டடமும் அப்படித்தான். உடைந்துவிடாது, ஆனால் மேல் தளத்தில் படுத்திருப்பவருக்கு ஆட்டம் தெரியும். அதற்காக உச்சித் தளங்களில் மட்டும் கான்கிரீட் போட்டுப் பாரம் ஏற்றினார்கள். மரம்தான் வேண்டும் என்ற ஆசை ஒருபுறம் இருக்க, எங்கே அது போதாது என்று ஒப்புக்கொண்டு கட்டியது எனக்கு மதிப்பாகத் தெரிகிறது.

வடதுருவ நாடுகளில் பனிப்பாறை, மலைமுகடு போன்ற உருவத்தில் கட்டிய அரங்குகள் உண்டு, அழகாகவும் இருக்கின்றன. ஷெலெஃப்தியோ போனது வேறு வழி. 1737-இல் கட்டிய லெயோன்ஸ்ட்ரோம் மரப்பாலம் அந்த ஊர் ஆற்றின் மேல் இன்றும் நிற்கிறது. தூரத்து விவசாயிகள் தேவாலயத்துக்கு வரும்போது இரவு தங்குவதற்காகக் கட்டிய மரக்குடில்கள் பொன்ஸ்தான் என்ற பகுதியில் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே புதிய கட்டடத்துக்கும் மரம் சுற்றுவட்டாரக் காடுகளிலிருந்தே வந்தது. டிசம்பரில் பகல் நான்கு மணி நேரம் நீடித்தாலே பெரிது. அந்த இருட்டில் நூலகத்துக்கு வருகிறவர் முன்னால் நிற்பது, சாயம் பூசி மறைக்காத மரத்தூண்.

மொத்தம் 12,000 கன மீட்டருக்கு மேல் மரம் போயிருக்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன், வளரும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து எடுத்தது. ஒரு கன மீட்டருக்கு முக்கால் டன் கரியமில வாயு என்று வைத்தால் 9,000 டன் உள்ளே அடைபட்டிருக்கிறது. இந்தக் கணக்கை நான் ஒரு நிபந்தனையோடுதான் ஏற்பேன். அந்தக் குளிரில் ஓர் ஊசியிலை மரம் வெட்டும் பருவத்துக்கு வர ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகிறது. வெட்டிய இடத்தில் நட்ட கன்று அவ்வளவு வளரும்வரை கட்டடமும் நின்றாக வேண்டும்.