சூடு காட்டினால் பிழைக்கும் கிராபிக்ஸ் சிப், மறுபடி ஏன் சாகிறது?

வாரண்டி முடிந்த லேப்டாப். திரை முழுக்கக் கலர் கலராகக் கோடு, விண்டோஸ் லோகோ வரை வந்து அப்படியே கருப்பாகிவிடுகிறது, சேஃப் மோடில் போட்டால் மட்டும் சாதுவாக ஓடுகிறது. கடையில் காட்டினால் "கிராபிக்ஸ் சிப் போச்சு, ரீபால் பண்ணித் தரேன்" என்பார்கள், அதாவது சிப்பைக் கழற்றி, அடியில் உள்ள சால்டர் (பற்றவைக்கும் உலோகம்) உருண்டைகளை மாற்றி மறுபடி பொருத்துவது. பண்ணியும் தருவார்கள், ஓடவும் செய்யும். கொஞ்ச நாள் கழித்து அதே கோடு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்பும் முன் அந்தச் சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பல நேரம் அவர் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துதான் இருப்பார்; செய்த இடம்தான் வேறு.

முதலில் கோளாறு சிப்பில்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலேயே கோடு இருந்தால் சந்தேகம் கிராபிக்ஸ் சிப் மேலோ அதன் மெமரி மேலோதான். படம் சுத்தமாக இருந்தால் வெளியே ஒரு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். அதிலும் சுத்தமாக இருந்தால் திரையோ, மடிப்பில் நசுங்கும் அந்த டிஸ்ப்ளே கேபிளோதான் காரணம், அது சின்னச் செலவு. சேஃப் மோடில் ஓடுவதற்குக் காரணம், அங்கே முழு டிரைவர் ஏறாது, சிப்பின் பெரும்பகுதிக்கு வேலையே கிடையாது.

சரி, சிப்தான் என்று வைத்துக்கொள்வோம். மதர்போர்டில் கருப்பாகப் பளபளக்கும் சதுரம்தான் உண்மையான சிலிக்கான். அது போர்டின் மேல் நேராக உட்காரவில்லை. சிலிக்கானுக்கு அடியில் 0.1 மி.மீ அளவுள்ள சால்டர் புள்ளிகள் ஏராளமாக இருக்கும், அவை அதை ஒரு சின்னப் பச்சைத் தட்டோடு இணைக்கின்றன. அந்தத் தட்டுக்கு அடியில் அரை மி.மீ அளவில் பெரிய சால்டர் உருண்டைகள், அவைதான் மதர்போர்டைத் தொடுகின்றன. ஆக, இரண்டு அடுக்கு சால்டர். ரீபால் என்பது கீழ் அடுக்கை மட்டும் மாற்றுவது. இந்த மாதிரிக் கோளாறில் பெரும்பாலும் விரிசல் விடுவதோ மேல் அடுக்கு.

ஏன் விரிசல்? சிலிக்கான் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 2.6 பங்குதான் விரியும், தட்டு சுமார் 15 பங்கு விரியும். 10 மி.மீ அகலச் சிப் 50 டிகிரி சூடேறினால் சிலிக்கான் 1.3 மைக்ரான் நீளும், அடியில் உள்ள தட்டு 7.5 மைக்ரான். இந்த வித்தியாசத்தை ஓரத்துப் புள்ளிகள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். கேம் ஆடும்போது ஒரு தரம், மூடி வைக்கும்போது ஒரு தரம், தினமும். கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் படக்கென்று உடையுமே, அந்தக் கதைதான். இதைத் தடுக்கத்தான் புள்ளிகளுக்கு நடுவே அண்டர்ஃபில் என்ற பிசினை ஊற்றி இறுக்குகிறார்கள். அந்தப் பிசின் சிப்பின் சாதாரணச் சூட்டிலேயே இளகிவிட்டால் பாரம் முழுக்கப் புள்ளிகள் தலையில் விழும்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு அல்ல. 2008 ஜூலையில், கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியா நிறுவனமே தன் லேப்டாப் சிப்கள் சிலவற்றில் சிலிக்கானைத் தட்டோடு பிணைக்கும் பேக்கேஜிங் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, 150 முதல் 200 மில்லியன் டாலர் வரை ஒதுக்கி வைத்தது. டெல், எச்பி இரண்டும் பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் விட்டன. அது செய்தது ஒன்றுதான்: ஃபேனை முன்கூட்டியே, அதிக நேரம் ஓடவிட்டது. ஃபேன் சத்தமும் பேட்டரிச் செலவும் வாங்கியவர் கணக்கில்! ஆப்பிள் அப்போதைய மேக்புக் ப்ரோக்களை வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்தது. ஏஎம்டி சிப் வைத்த 2011 மாடல்களுக்கும் 2015 பிப்ரவரியில் இதே மாதிரி ஒரு திட்டம் வந்தது. அதனால் உங்கள் மாடலுக்குத் தனியாக இலவசச் சர்வீஸ் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடாமல் காசை எடுக்காதீர்கள்.

இப்போது சூடு காட்டும் வைத்தியம். ஹீட் கன்னைப் பிடிப்பார்கள், சிலர் போர்டைக் கழற்றி ஓவனில் 200 டிகிரியில் எட்டு நிமிடம் வைப்பார்கள். ஐரோப்பாவில் 2006 ஜூலையில் ஈயத்துக்குத் தடை வந்த பிறகு பெரும்பாலான போர்டுகளில் இருப்பது ஈயம் இல்லாத சால்டர், அது உருகவே 217 டிகிரி வேண்டும். மேல் அடுக்கில் ஈயம் அதிகமுள்ள புள்ளிகள் இருந்தால் 300 டிகிரியும் போதாது. அப்படியானால் ஒன்றும் உருகவில்லை. பின்னே எப்படி உயிர் வந்தது? சூட்டில் எல்லாம் விரிந்து அசைந்ததில் விரிசலின் இரண்டு முகமும் மறுபடி தொட்டுக்கொண்டன, அவ்வளவுதான். ஒட்டவில்லை. ரீபால் செய்யும்போதும் சிப் இதே சூட்டைத்தான் சாப்பிடுகிறது, அதனால்தான் அதுவும் 'வேலை செய்வதாக'த் தெரிகிறது. ஃபைல்களை எடுத்துக்கொள்ள ஒரு தரம் சூடு காட்டலாம், ஆட்சேபம் இல்லை. ஆனால் சமையல் ஓவனில் மட்டும் வேண்டாம், அதில் மறுபடி சாப்பாடு வைக்க வேண்டியிருக்கிறது.

எனவே சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊரிலோ சிப் லெவல் சர்வீஸ் கடையில் ஒரே ஒரு கேள்வி: பழைய சிப்பையே மறுபடி வைப்பீர்களா, புதுச் சிப் போடுவீர்களா? புதுச் சிப் என்றால் அதன் மேல் அச்சடித்த எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் நாலு இலக்கத் தேதிக் குறி இருக்கும். 1243 என்றால் 2012ஆம் ஆண்டின் 43ஆவது வாரம். லேப்டாப்பை விடப் பழைய தேதி என்றால் அது ஏதோ செத்த போர்டிலிருந்து பிடுங்கியதாக இருக்கலாம். அப்புறம், தேதியைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அச்சடித்த சிப்பும் சந்தையில் உண்டு, எழுத்து மங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் யோசியுங்கள்.

பிராசசருக்குள்ளேயே இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் இருக்கும் லேப்டாப்பா? அப்படியானால் நான் சிப்பைத் தொடவே மாட்டேன், தனிக் கிராபிக்ஸை முடக்கிவிட்டு ஓட்டுவேன். பயாஸில் வசதி இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் டிசேபிள். 2011 மேக்புக் ப்ரோவில் இதற்கென்று ஒரு ஃபர்ம்வேர் அமைப்பை மாற்றிப் பலர் இன்டெல் கிராபிக்ஸில் ஓட்டினார்கள். கேம் போகும், ஆனால் டைப் செய்ய, படம் பார்க்க இது தாராளம். ஒரு சிக்கல்: சில லேப்டாப்களில் வெளி மானிட்டர் போர்ட் தனிக் கிராபிக்ஸ் சிப்போடுதான் இணைந்திருக்கும், முடக்கினால் புரொஜெக்டரில் காட்ட முடியாது.

இன்னும் சாகாத, ஆனால் அவ்வப்போது மக்கர் செய்யும் சிப் என்றால் உச்சச் சூட்டை விட ஏற்ற இறக்கத்தைக் குறையுங்கள். தோராயமான கணக்குப்படி அந்த வித்தியாசம் பாதியானால் சால்டரின் ஆயுள் நாலு மடங்கு வரை கூடும். ஃபேனில் அடைத்த தூசியை எடுப்பது, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது, கேமில் ஃப்ரேம் ரேட்டை 40க்கோ 60க்கோ கட்டுப்படுத்துவது, மூன்றும் இதற்கு உதவும். எதைச் செய்தாலும், போர்டைக் கடையில் கொடுக்கும் முன் உங்கள் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், சிப் வேலைக்கு அது தேவையே இல்லை.