செடிதானே என்று சொல்லாதீர்கள்

போன வாரம் கல்முனைப் பக்கமிருந்து சீனி வருத்தக்காரர் ஒருவர் வந்தார். பையில் ஒரு போத்தல் கடற்பசு எண்ணெய், மூட்டு வலிக்காம். கூடவே கோத்தல ஹிம்புட்டுக் கோப்பை ஒன்று: அந்தக் கொடியின் கட்டையில் கடைந்தது, தண்ணீர் ஊற்றிவைத்துக் குடித்தால் சீனி குறையுமாம். கோப்பையை நம்பி ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்திவிட்டார். காலில் ஆறாத புண். மட்டக்களப்பில் சித்த வைத்தியம் பார்க்கும் எனக்கு இந்தக் கதை அலுத்துப்போய்விட்டது.

எண்ணெய்க் கதை சின்னது. கடற்பசு மன்னார்ப் பக்கத்துக் கடற்புல்லில் மேய்கிற பிராணி, நம் கரையில் அபூர்வம். போத்தலில் இருப்பது அதன் கொழுப்புத்தானா என்று விற்றவருக்கே வெளிச்சம். உண்மையாகவே அதுதான் என்றால் இன்னும் மோசம்: 1970 முதல் இலங்கையில் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள உயிர். "செத்து வலையில் வந்ததுதானே" என்பார்கள். நீங்கள் கொடுக்கும் காசுதான் அடுத்த வலைக்கு விலை.

எண்ணெயைக் கண்டித்தால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஹிம்புட்டு என்றதும், "அது செடிதானே டொக்டர், வெட்ட வெட்டத் தளிர்க்கும்" என்கிறார்கள். அது முருங்கை இல்லை! தாழ்நிலக் காட்டில் மரம் பற்றி ஏறும் கொடி. மருந்து வேரிலும் தண்டிலும் இருக்கிறது. வேர் பருக்கப் பல வருடம் வேண்டும். தோண்டி எடுத்தால் அந்தக் கொடி பூக்காது, காய்க்காது, விதையும் விடாது. கடற்பசு 13 முதல் 15 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும், அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருடம். இரண்டுமே மெதுவாகப் பெருகுகிறவை, நாமோ அவசரமாக எடுக்கிறோம். கொடி கத்தாது, இரத்தம் சிந்தாது, அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு: கடற்பசுவை வளர்க்க முடியாது, ஹிம்புட்டைத் தோட்டத்தில் நட்டு வளர்க்கலாம். வாங்கும்போது, பயிரிட்டதா காட்டில் தோண்டியதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கடையை விட்டு இறங்குங்கள்.

ஹிம்புட்டு நல்ல மருந்து, மறுக்கவில்லை. அதிலுள்ள சாலசினோல் என்ற வேதிப்பொருளை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1997இல் அடையாளம் கண்டார்கள். மாவுச்சத்து சீனியாக உடைவதை அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். குளிசை செய்கிற வேலை முழுவதையும் அது செய்யாது. இராத்திரி ஊற்றிவைத்த தண்ணீர் காலையில் சிவப்பேறாவிட்டால் கோப்பையில் சாரம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதில் குடித்துக்கொண்டு "கட்டுப்பாட்டில் இருக்கு" என்கிறவர்களைத்தான் புண்ணோடு பார்க்கிறேன்.

குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹிம்புட்டும் குடிக்கிறீர்கள் என்றால் உங்கள் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்து சீனியைத் தேவைக்கு மேல் இறக்கலாம். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். தினமும் பாதத்தில் புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடலுக்குப் போகும் தம்பிமாருக்கு ஒன்று: வலையில் கடற்பசுவோ ஓங்கிலோ (டொல்பின்) உயிரோடு மாட்டினால் மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு வலையை அறுத்துவிடுங்கள். வலை நட்டம்தான், தெரியும். ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன்.