வத்தளையில் ஆறு பேர்ச்: முற்பணம் கொடுக்கும் முன்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பத்துப் பதினைந்து வருடம் வாடகை கட்டிக் களைத்த குடும்பங்கள், சொந்த வீடு என்று யோசிக்கத் தொடங்கியதும் களனி ஆற்றுக்கு அப்பால் பார்க்கின்றன. வத்தளை, ஹெந்தளை, மாபோலை, ராகமை, கந்தானை. தெற்கே என்றால் தெஹிவளையைத் தாண்டி இரத்மலானை, மொறட்டுவை. கிழக்கே வெல்லம்பிட்டி, கொலன்னாவ. கொழும்புக்குள் ஒரு பேர்ச் (ஏறத்தாழ 25 சதுர மீட்டர்) வாங்கும் காசுக்கு அங்கே பல பேர்ச் வாங்கலாம் என்பது உண்மைதான். சட்டத்தரணியாகவும், காணி உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசாகவும் தொழில் செய்வதால் இந்தக் குடும்பங்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். எனக்குக் கவலை தருவது, அவர்களில் பலர் முற்பணம் கொடுத்த பிறகு வருவதுதான்.

ஒரே ஒழுங்கையில் மற்றக் காணிகளைவிட ஒன்று கணிசமாக மலிவு என்றால் அதற்குக் காரணம் இருக்கும். வெள்ளம் ஏறும் இடமாக இருக்கலாம், பாதை இல்லாமல் இருக்கலாம், பிரிக்கப்படாத பங்காக இருக்கலாம், வழக்கு நடக்கலாம். சில நேரம் விற்பவர் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப அவசரமாகக் காசு தேடுகிறார், வேறொன்றும் இல்லை. எது காரணம் என்று தரகர் சொல்ல மாட்டார். உறுதியிலும் பளிச்சென்று எழுதியிருக்காது. அதைக் கண்டுபிடித்த பிறகு காசைக் கொடுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

"வேறு ஆள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், நாளைக்குள் ஐந்து லட்சம் கொடுத்தால் உங்களுக்கே நிற்பாட்டி வைக்கலாம்" என்று தரகர் சொல்வார். உடனே ஒரு தாளில் ரசீது எழுதி, முத்திரை ஒட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு காசைக் கொடுத்துவிடுகிறார்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனையும் சரி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் சரி, நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுத்தில் கைச்சாத்தாக வேண்டும். ரசீதை வைத்துக்கொண்டு காசைத் திருப்பித் தா என்று வழக்குப் போடலாம். காணியை எழுதித் தா என்று கேட்க முடியாது. முற்பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் விற்பனை உடன்படிக்கையை நொத்தாரிசைக் கொண்டு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள். எந்தத் திகதிக்குள் உறுதி எழுத வேண்டும், எந்தச் சான்றிதழ்களை விற்பவர் தர வேண்டும், அவை வராவிட்டால் முற்பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பதிவதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் ஒரே காணியை இருவருக்கு விற்றால், முதலில் வாங்கியவர் தன் உறுதியைப் பதியாமல் வைத்திருந்து, இரண்டாவதாகக் காசு கொடுத்து வாங்கியவர் முந்திப் பதிந்துவிட்டால், இரண்டாமவர் கை ஓங்கிவிடும். அவர் மோசடியில் கூட்டு என்று நிரூபித்தால்தான் முதலாமவருக்கு வழி. உறுதியை அலுமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன் என்பது நீதிமன்றத்தில் பதில் ஆகாது.

இன்னொரு கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுதி எழுதும் முன் நொத்தாரிசு காணிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். தேடத் தேவையில்லை என்று தரப்பினர் எழுத்தில் சொன்னால் தேடாமலே எழுதலாம். சுற்றுப்புறங்களில் காணி வாங்கிய பலர் அந்த வரிக்குக் கீழே கையெழுத்து வைத்திருக்கிறார்கள். என்ன வரி என்று கேட்டால் தெரியாது, ஏனென்றால் உறுதி சிங்களத்தில் இருக்கிறது. "வாசித்து விளக்கப்பட்டது" என்று நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்துவது வெறும் வழக்கச் சொல் அல்ல, உங்களுக்கு விளங்கும் மொழியில் உண்மையிலேயே விளக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவரை உங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரின் நொத்தாரிசே எல்லாம் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், உங்களுக்கென்று ஒருவரைப் பிடித்துப் பதிவேட்டில் குறைந்தது 30 வருடம் பின்னோக்கித் தேடச் சொல்லுங்கள். ஈடு (அடமானம்) இருந்தால், வழக்கு பதிந்திருந்தால், நீதிமன்றத் தடை இருந்தால் அங்கே தெரியும். காணி உரித்துப் பதிவுச் சட்டம் நடைமுறையான பகுதி என்றால் உறுதிக்குப் பதிலாக உரித்துச் சான்றிதழ் இருக்கும், அப்போது பார்க்க வேண்டிய பதிவேடும் வேறு.

வெள்ளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகியபோது வெல்லம்பிட்டி, கொலன்னாவ பக்கத்தில் வீடுகளுக்குள் நாள்கணக்காகத் தண்ணீர் நின்றது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு அதே ஆறு மறுபடியும் கரை மீறியது. வத்தளைக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம் இருக்கிறது. ஆற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் தங்குவதற்கென்று இயற்கை வைத்த இடம் அது. அதன் ஓரங்களிலும் பழைய வயல்களிலும் மண் நிரப்பித் துண்டு போட்டு விற்கப்படும் காணிகள்தான் பெரும்பாலும் மலிவாகக் கிடைப்பவை. நிரப்பிய மண்ணுக்கு மேலே வெயில் காலத்தில் போய் நின்றால் அழகான சமதரையாகத் தெரியும். மழையில் மலகூடக் குழி நிரம்பி வழியும்போதுதான் கீழே என்ன இருக்கிறது என்று தெரியும்.

வயலை நிரப்ப 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். தாழ்நிலம் என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் அனுமதியும் கேட்பார்கள். விற்பவரிடம் அந்தக் கடிதங்களைக் கேளுங்கள். இல்லையென்றால் நாளைக்கு உங்கள் வீட்டு வரைபடம் உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதி கிடைக்காமல் நிற்கும். சிங்கள உறுதியில் காணியின் பெயரையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் "கும்புர" என்று முடிந்தால் அது வயலாக இருந்த இடம், "ஓவிட்ட" என்றால் வயலோரத் தாழ்நிலம். "வத்த" என்றால் தோட்டம். பெயரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஆனால் கேள்வி கேட்க அது போதும்.

அப்புறம், காணியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போகாதீர்கள். இரண்டு நாள் விடாமல் மழை பெய்த பிறகு போங்கள். பக்கத்து வீட்டு மதில்களில் தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா, வீட்டுக்காரர்கள் வாசற்படியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். முச்சக்கரவண்டி தரிப்பிடத்திலும் சில்லறைக் கடையிலும் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் கட்டாயம் கேளுங்கள், வெள்ள நிவாரணத்துக்குப் பாதிக்கப்பட்ட வீடுகளின் பட்டியல் அவர் கையால்தான் போகும். தண்ணீர் மட்டும் அல்ல, சுற்றியிருப்பதையும் பாருங்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. அங்கே வாழ்ந்தவர்களுக்கும் கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு கூரை என்ற ஆசைதான் இருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

அடுத்தது பங்குக் காணி. தாத்தாவின் 80 பேர்ச் காணிக்கு எட்டு வாரிசுகள் என்று வையுங்கள். அவர்களில் ஒருவர் தன் எட்டில் ஒரு பங்கை விற்கிறார். ஒரு மூலையைக் கையால் காட்டி "இந்தப் பத்துப் பேர்ச்தான் என்னுடையது" என்கிறார். சட்டப்படி அந்த மூலை அவருடையது அல்ல. முழுக் காணியின் ஒவ்வொரு அங்குலத்திலும் எட்டில் ஒன்று அவருடையது, அவ்வளவுதான். நீங்கள் வீடு கட்டிய பிறகு மற்ற ஏழு பேரில் ஒருவர் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம், அது பல வருடம் இழுக்கும். ஏற்கெனவே வழக்கு போட்டுப் பதிந்திருந்தால், அது முடியும்வரை பங்கை விற்பதே செல்லாது. உறுதியில் "பிரிக்கப்படாத" என்ற சொல், சிங்களத்தில் "நோபெதூ", இருந்தால் அங்கேயே நில்லுங்கள். எல்லாப் பங்காளிகளும் சேர்ந்து நில அளவையாளரைக் கொண்டு படம் வரைந்து, பிரிவிடல் உறுதி எழுதித் தந்த பிறகு வாங்கலாம். அதற்கு முன் வேண்டாம். விலை எவ்வளவு குறைந்தாலும் என் பதில் இதுதான்.

பாதையைப் பொறுத்தவரை, நடந்து போக வழி இருப்பது வேறு, சட்டப்படி வழியுரிமை இருப்பது வேறு. நில அளவைப் படத்தில் பாதை தனித் துண்டாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும், உங்கள் உறுதியில் அதன் மீதான வழியுரிமையும் எழுதப்பட வேண்டும். உள்ளூராட்சி மன்றத்தில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்தால் வீதி அகலிக்கும்போது எவ்வளவு போகும் என்று தெரியும். ஆறு பேர்ச் என்பது ஏறத்தாழ 150 சதுர மீட்டர். அதில் ஒரு பேர்ச் வீதிக்குப் போனால் மிச்சத்தில் கட்ட அனுமதி கிடைக்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கட்டிய வீடு என்றால் அங்கீகரித்த வரைபடத்தையும், அதன்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழையும் கேளுங்கள். அனுமதியில்லாமல் மேல்மாடி எழுப்பிய வீடுகள் நிறைய இருக்கின்றன, வங்கி கடன் தராமல் திருப்பி அனுப்பும்போதுதான் வாங்குபவருக்குத் தெரிகிறது.

காணி வேண்டாம், பிளாட் போதும் என்பவர்களுக்கு ஒன்று. தொடர்மாடி வீட்டுக்குத் தனி உறுதி எழுத வேண்டுமென்றால், 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் காட்டும் அந்தக் கட்டடத்தின் கொண்டோமினியம் படம் பதியப்பட்டிருக்க வேண்டும். அது நடக்காமல் உடன்படிக்கை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் குடியிருப்பவர்கள் தெஹிவளையிலும் வத்தளையிலும் இருக்கிறார்கள். முழுக் காசும் கொடுத்தவர்கள் அவர்கள்.

நம் குடும்பங்களில் பாதிக் காசு கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும். அனுப்புபவர் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் என்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயரில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் முடியும். கொண்டோமினியம் வீட்டை, முழு விலையையும் முன்கூட்டியே வெளிநாட்டு நாணயத்தில் அனுப்பி வாங்கலாம். வேறு வழியில்லாமல் தங்கையின் பெயரில் எழுதுகிறார்கள், எதையும் எழுத்தில் வைக்காமல். பிறகு அண்ணனும் தங்கையும் பேசாமல் போவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. விற்பவர் வெளிநாட்டில் இருக்க, அவர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தில் (தனக்காகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இங்கே ஒருவர் கையெழுத்து வைக்கிறார் என்றால், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று நேரடியாக வீடியோ அழைப்பில் பேசி உறுதிப்படுத்துங்கள். அவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. விற்பவர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் என்றால் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், காணி கொழும்பில் இருந்தாலும் அப்படித்தான்.

செலவுக் கணக்கில் முத்திரை வரியை மறந்துவிடுகிறார்கள். முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாய்க் காணிக்கு 399,000 ரூபாய் வரும். அதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். மாகாண வருமானத் திணைக்களம் மதிப்பிட்டு மிச்சத்தைக் கேட்கலாம். கொடுக்கல் வாங்கல் முறிந்தால், எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததை நிரூபிப்பதும் உங்கள் தலையில் விழும்.

பள்ளிக்கூட வயதில் பிள்ளை இருந்தால் ஒரு வருடம் பொறுத்து யோசியுங்கள். தமிழ்மொழிமூலப் பெரிய பாடசாலைகள் பல கொழும்பு நகருக்குள்ளேயே இருக்கின்றன. அரச பாடசாலைகளில் முதலாம் தரச் சேர்க்கைக்கு வீட்டின் அண்மையும் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்த வருடங்களும் புள்ளியாகக் கணக்கெடுக்கப்படும். சேர்க்கைக்கு முந்திய வருடம் ராகமைக்குப் போனால் அந்தப் புள்ளிகள் போய்விடும். பயணத்தைப் பொறுத்தவரை ஒரு வேலை நாளில் காலை ஏழு மணிக்கு அங்கிருந்து நீங்களே புறப்பட்டுப் பாருங்கள். ஹுணுப்பிட்டி, எண்டேரமுல்லைப் பக்கத்தில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால் நீர்கொழும்பு வீதி நெரிசலில் நிற்கத் தேவையில்லை, அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பதில் தவறில்லை.

உறுதி எழுதிய அன்றே பழைய உறுதிகளையும் மூல நில அளவைப் படத்தையும் விற்பவரிடமிருந்து கேட்டு வாங்குங்கள். உறுதி பதிந்து வந்ததும் பதிவேட்டுப் பிரதி ஒன்று எடுத்து உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பீட்டு வரிப் பதிவையும் நீர், மின்சாரக் கணக்குகளையும் உங்கள் பெயருக்கு மாற்றி, கிராம உத்தியோகத்தரிடம் வாக்காளர் இடாப்புக்கு எழுதிக்கொடுங்கள். வீடு கட்டக் காலம் எடுக்கும் என்றால் எல்லைக்கல்லைச் சரிபார்த்து வேலி அடைத்து, அடிக்கடி போய்ப் பாருங்கள், ஏனென்றால் வேறொருவர் பத்து வருடம் தடையில்லாமல் உரிமை கொண்டாடி இருந்துவிட்டால் ஆட்சியுரிமை கேட்டு வழக்குப் போட அவருக்கு இடம் கிடைத்துவிடும்.