தண்ணீர் தெரியும் இடத்தில்தான் படுக்க வேண்டுமா?

அதிகாலை ஐந்து மணி இருக்கும். ஓசூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை அவருடைய நண்பர்கள் கைத்தாங்கலாக எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் அழைத்துவந்தார்கள். கடுமையான வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. “இரவு மீன் வறுத்துச் சாப்பிட்டோம் சார், அதுதான் ஒத்துக்கொள்ளவில்லை” என்றார் உடன் வந்தவர். நான் வயிற்றில் கை வைப்பதற்கு முன்பே முகம் கண்ணில் பட்டுவிட்டது. இமைகள் பாதி இறங்கியிருந்தன. கண்ணை அகலத் திறக்கச் சொன்னேன், முடியவில்லை. எச்சிலை விழுங்கவும் திணறினார்.

“இரவு எங்கே படுத்திருந்தீர்கள் தம்பி?”

பென்னாகரம் வட்டத்தில் நாகமரைப் பக்கம், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு ஓரத்தில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். நால்வர் கூடாரத்துக்குள். இவர் மட்டும் காற்றுக்காக வெளியே பாய் விரித்திருக்கிறார். உடலில் கடிபட்ட தடம் எதையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் அது கட்டுவிரியன் கடி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விஷமுறிவு மருந்து ஏற்றினோம். சிறிது நேரத்தில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோக, செயற்கை சுவாசக் கருவியில் வைத்தோம். நான்காம் நாள் அவர் தானாக மூச்சுவிடத் தொடங்கியபோது, வெளியே காத்திருந்த அவருடைய அம்மா அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு நண்பர்களிடம் கேட்டேன், ஏன் அந்த இடம்? “அங்கே இருந்து பார்த்தால் தண்ணீர் நன்றாகத் தெரிந்தது சார்.”

இந்தப் பதிலை வேறு வேறு வாய்களிலிருந்து நான் பலமுறை கேட்டுவிட்டேன். ஒட்டனூர் துறை, கிருஷ்ணகிரி அணைப் பக்கம், பஞ்சப்பள்ளி சின்னாறு அணைப் பக்கம், இடம் மட்டும்தான் மாறும். மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் நீரைப் பார்த்தால் அதன் விளிம்பிலேயே படுக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. பார்ப்பதற்கு விளிம்பைவிட நல்ல இடம் இல்லை. படுப்பதற்கு அதைவிட மோசமான இடமும் இல்லை. இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

நீர் விளிம்பில் தவளை இருக்கும். இறைத்த தானியத்துக்கும் மீன் கழிவுக்கும் எலி வரும். இரண்டையும் தேடிப் பாம்பு வரும். அணையில் நீர் இறங்கும் காலத்தில் வெளிப்படும் மண்ணில் விவசாயிகள் சோளமும் எள்ளும் விதைப்பார்கள். வெயிலில் அந்தக் களிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஒவ்வொரு வெடிப்பும் ஓர் உயிரினத்தின் வீடு. பக்கத்திலேயே கருவேலம் புதர், கற்குவியல், மீனவர்கள் போட்டுவிட்டுப்போன பழைய வலை. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். பகலில் நீங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு “இங்கே ஒன்றுமில்லை” என்று சொல்வதில் பொருளே இல்லை. அதன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. தூங்குகிறவர் விழிக்காமலேயே கூடப் போகலாம். அதனால் கூடாரம் வாங்கும்போது விலையைவிட முக்கியமாக ஒன்றைப் பாருங்கள்: தரைவிரிப்பு சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்க வேண்டும், ஜிப்பு முழுவதும் மூட வேண்டும். செருப்பு உட்பட எல்லாம் உள்ளே. வெளியே பாய் விரிக்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரேதான். ஏரி நின்ற இடத்தில் நிற்கும் என்று நம்புகிறோம். மேட்டூர் நீர்த்தேக்கம் அப்படிப்பட்டதல்ல. அதன் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). கர்நாடக அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலு வழியாக விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்த நாட்கள் உண்டு. ஒரு லட்சம் கன அடி என்றால் ஒரு நாளில் 8.64 டி.எம்.சி. மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு, ஒரே நாளில். 2024 ஜூலையில் அணை அப்படித்தான் நிரம்பியது. கரை செங்குத்தாக இருந்தால் பரவாயில்லை. நாம் கூடாரம் போட விரும்புவதோ சமதளமான, மெல்லச் சரியும் கரையில். இருபது அடிக்கு ஓர் அடி சரியும் கரையில் நீர்மட்டம் ஐந்து அடி ஏறினால் தண்ணீர் நூறு அடி உள்ளே வந்துவிடும். உங்கள் தலைக்கு மேல் மழையே பெய்திருக்காது, வானத்தில் நட்சத்திரம் தெளிவாக இருக்கும், குடகில் பெய்த மழை உங்கள் பாயை நனைக்கும். கரையில் சுள்ளியும் பிளாஸ்டிக் பாட்டிலும் ஒரே கோடாக ஒதுங்கிக் கிடக்கும். அது முன்பு தண்ணீர் வந்து நின்ற தடம். அதற்கு மேலே, நன்றாக மேலே போங்கள்.

காய்ந்த ஓடையின் மணலும் அப்படித்தான், மெத்தைபோல இழுக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், சாலையோரம் நின்றிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனதை நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பார்க்காதவர் குறைவு. வேனுக்கே அந்தக் கதி.

யானையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ராகி விளையும் நாட்களில் அவர்கள் காவலுக்குக் கட்டும் பரணைப் பாருங்கள்: மரத்தின் மேல், உயரத்தில், யானை வரும் தடத்தை விட்டு விலகி. தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழ்கிறவர்கள் இரவில் தரையில் படுப்பதில்லை, தண்ணீருக்குப் போகும் வழியில் படுப்பதே இல்லை. வயநாட்டில் மேப்பாடி அருகே 2021 ஜனவரியில் கூடாரத்தில் தங்கச் சென்ற ஒரு பெண் யானை தாக்கி இறந்தார். பென்னாகரம், அஞ்செட்டிக் காடுகளின் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே காலெடுத்து வைப்பதே குற்றம். அனுமதி கேட்கப்போனால் வனக்காவலர் உங்களிடம் சொல்லும் இரண்டு வார்த்தை உயிர் காக்கும் என்பதற்காகவாவது போய்க் கேளுங்கள்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் இருக்கிறான். கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் நடுவே 6,225 அடி உயரத்தில் இருக்கும் தாஹோ ஏரிக்குக் குடும்பத்தோடு போகிறேன், எந்த முகாம் நல்லது மாமா என்று கேட்டான். அந்த ஏரியின் முகாம்களை நான் பார்த்ததில்லை. ஆனால் அவன் அனுப்பிய விவரங்களைப் படித்தபோது ஏக்கமாக இருந்தது. ஒவ்வொரு கூடாரத்துக்கும் எண் போட்ட இடம், கரடி உடைக்க முடியாத இரும்புப் பெட்டி, உணவு முழுவதும் அதற்குள்தான் இருக்க வேண்டும் என்ற விதி. கோடையிலும் அந்த நீர் குளிர்ந்தே இருக்கும், குழந்தைகளை உயிர்காப்பு உடை இல்லாமல் இறக்காதே என்பது மட்டும்தான் நான் அவனுக்குச் சொன்னது. அங்கே இடத்தை ஒருவர் முன்பே யோசித்துத் தேர்ந்து வைத்திருக்கிறார். நம் அணைக்கரைகளில் அந்த யோசனை முழுவதும் நம் தலையில்தான் விழுகிறது.

ஆகவே என்னிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மாலை நான்கு மணிக்கு முன்பே போய்ச் சேருங்கள். இருட்டிய பிறகு தேர்ந்த இடம் எதுவும் நல்ல இடமாக இருந்ததாக நான் கேட்டதில்லை. பரிசல் ஓட்டுகிறவரிடம், ஆடு மேய்க்கும் பெரியவரிடம் “எங்கே படுக்கலாம்” என்று கேட்காதீர்கள், “எங்கே படுக்கக் கூடாது” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதைக்காக ஏதாவது ஓர் இடத்தைக் காட்டுவார்கள். இரண்டாவதற்குத்தான் உண்மையைக் கொட்டுவார்கள். முடிந்தால் கரையை ஒட்டிய ஊரில் ஒரு வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, அவருடைய களத்திலோ மொட்டைமாடியிலோ கூடாரம் போடுங்கள். தண்ணீர் சற்றுத் தூரமாகத் தெரியும், போதும். கார் அந்த இடம்வரை வர வேண்டும். போனில் சிக்னல் இருக்க வேண்டும். மூச்சு ஓய்ந்துகொண்டிருக்கும் ஒருவரைத் தோளில் சுமந்து முள்ளுக்காட்டில் ஒரு கிலோமீட்டர் நடந்துவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்தப் புகையில் வாசனையே இல்லாத நச்சு வாயு இருக்கிறது, தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

இரவு வெளியில் தங்கியவருக்கு அதிகாலையில் காரணமில்லாத வயிற்றுவலி, இமை சரிவு, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கயிறு கட்ட வேண்டாம், கீற வேண்டாம், பாம்பைத் தேட வேண்டாம். நடக்கவிடாமல் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசம். உள்ளே நுழைந்ததும் என்ன சாப்பிட்டார் என்பதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். எங்கே படுத்திருந்தார் என்பதை முதலில் சொல்லுங்கள்.